பாலியல் தொழில், சட்டம், உரிமை: செட்டிநாட்டுப் பக்கம் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி வட்டாரத்தில் சட்ட உதவித் தன்னார்வலராக இருக்கிறேன். சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்தும் முகாம்களில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. பட்டா மாற்றம், ஜீவனாம்சம், முதியோர் உதவித்தொகை என்று பகல் முழுக்க ஆட்கள் வருவார்கள். முகாம் முடிந்து பந்தல் பிரிக்கிற நேரத்தில்தான் சிலர் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி வேறொன்று கேட்பார்கள். தொழிலில் இருக்கும் பெண்கள், அவர்களுடைய பிள்ளைகள், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பயந்து போனவர்கள், செய்தித்தாளைப் பார்த்துக் கோபப்பட்டவர்கள் என்று எல்லாரும் இதில் உண்டு. அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தியாவில் பாலியல் தொழில் குற்றமா?

வயது வந்த ஒருவர் தன் விருப்பத்தோடு, தனியாக, பணம் வாங்கிக்கொண்டு உறவு கொள்கிறார் என்றால் அது மட்டுமே குற்றம் என்று சொல்லும் சட்டப் பிரிவு கிடையாது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஏறக்குறைய எல்லாமே குற்றம்.

இதற்கான மத்தியச் சட்டம் 1956-இல் வந்தது. ஸ்டேஷனில் ‘ஐடிபி ஆக்ட்’ என்பார்கள், பத்திரிகையில் ‘விபச்சாரத் தடுப்புச் சட்டம்’ என்று போடுவார்கள். 1950-இல் நியூயார்க்கில் ஆள்கடத்தலுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டதன் தொடர்ச்சி அது. 1986-இல் பெரிய திருத்தம் செய்து பெயரையும் மாற்றினார்கள். விடுதி நடத்துவது 3-ஆம் பிரிவு. தொழிலில் வரும் வருமானத்தில் வாழ்வது 4. ஆள் சேர்ப்பது 5. அடைத்து வைப்பது 6. பொது இடத்துக்கு அருகில் தொழில் செய்வது 7. ஆளைக் கூப்பிடுவது, சைகை காட்டுவது 8.

இதில் 3-ஆம் பிரிவை நின்று பார்க்க வேண்டும். ‘விடுதி’ என்றால் சிவப்பு விளக்குப் போட்ட பெரிய கட்டடம் என்று நினைத்துக்கொள்கிறோம். சட்டம் சொல்வது வேறு: இன்னொருவர் லாபத்துக்காகவோ, தொழிலில் இருக்கும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் பொது லாபத்துக்காகவோ பயன்படும் எந்த வீடும், எந்த அறையும் விடுதிதான். அதாவது இரண்டு பெண்கள் பாதுகாப்புக்காகச் சேர்ந்து ஒரு வீடு எடுத்தால் அந்த வீடு விடுதியாகிவிடும். முதல் முறை தண்டனையே குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு கடுங்காவல். தனியாக இருந்தால் சட்டத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் வருகிறவன் அடித்தால் கூப்பிட்ட குரலுக்கு ஆளில்லை. துணைக்கு ஒருத்தியை வைத்துக்கொண்டால் கேஸ். இந்தச் சட்டத்தில் என் மனதை மிகவும் உறுத்துவது இந்த இடம்தான்.

4-ஆம் பிரிவும் அப்படித்தான். புரோக்கரைப் பிடிக்க எழுதப்பட்டது. ஆனால் தெரிந்தே அந்த வருமானத்தில் வாழும் 18 வயது தாண்டிய யாரும் அதில் வருவார்கள். மகள் அனுப்பும் பணத்தில் கஞ்சி குடிக்கிற தாயும், அம்மா சம்பாத்தியத்தில் கல்லூரிக்குப் போகும் மகனும் அந்த வரிக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

200 மீட்டர் கணக்கு என்கிறார்களே, அது என்ன?

7-ஆம் பிரிவில் வருவது. கோயில், பள்ளிவாசல் போன்ற வழிபாட்டு இடம், கல்வி நிலையம், மாணவர் விடுதி, மருத்துவமனை இவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் செய்தால் மூன்று மாதம் வரை சிறை. இது பெண்ணுக்கு மட்டுமில்லை, வந்த ஆணுக்கும் உண்டு.

இப்போது காரைக்குடியை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் நடுவில் கொப்புடையம்மன் கோயில். அங்கிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு பிள்ளையார் கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஆஸ்பத்திரி. தேவகோட்டையும் அதே கதைதான். கோயில்களுக்கே பேர்போன ஊர்களில் 200 மீட்டர் விலக்கு என்பது கிட்டத்தட்ட ஊர் முழுவதற்கும் தடை போட்ட மாதிரி. ஆகவே ‘தனியாகச் செய்தால் குற்றமில்லை’ என்ற பதில் ஏட்டில் சரி, நம் ஊர்த் தெருவில் அதற்கு அதிக இடமில்லை.

இதோடு 20-ஆம் பிரிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பொதுமக்கள் நலன் என்ற காரணத்தைச் சொல்லி ஒரு பெண்ணைத் தன் எல்லையை விட்டு வெளியேறும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும். அந்த அதிகாரம் செல்லும் என்று 1964-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

‘விபச்சாரம்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ‘பாலியல் தொழில்’ என்று ஏன் மாற்றிச் சொல்ல வேண்டும்?

‘விபச்சாரம்’ என்றால் நெறி தவறி நடப்பது என்று பொருள். அந்த வார்த்தையிலேயே தீர்ப்பு இருக்கிறது. ‘பாலியல் தொழிலாளி’ என்பதில் அவர் செய்யும் வேலை மட்டும் இருக்கிறது. மருத்துவமனையில் சீட்டு எழுதுபவருக்கு அதுவே போதும்.

உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் நீதிபதிகளுக்காக வெளியிட்ட கையேடு, பழைய இழிசொல்லுக்குப் பதிலாக ‘பாலியல் தொழிலாளி’ என்று எழுதச் சொன்னது. ஆள்கடத்தலுக்கு எதிராக வேலை செய்யும் அமைப்புகள், கடத்தப்பட்டவர்களையும் அந்தச் சொல் தொழிலாளி ஆக்கிவிடுகிறதே என்று கேட்டன. அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் அந்த இடத்தைத் திருத்தியது. அவர்கள் கேட்டது நியாயம் என்றே நினைக்கிறேன். கடத்திக்கொண்டு வரப்பட்டவளைத் தொழிலாளி என்று அழைக்கக் கூடாது. தானே வந்து, பத்து வருஷமாக இதில் பிழைத்துக் குடும்பத்தை நடத்துகிறவளை ‘பாதிக்கப்பட்டவள்’ என்று மட்டும் அழைத்தாலும் அவளுக்குப் பிடிப்பதில்லை. எதிரில் இருப்பவரைக் கேட்டு அழைப்பது என் வழக்கம்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். ‘அழகிகள் மீட்பு’, ‘அழகிகள் சிக்கினர்’ என்று நம் பத்திரிகைகள் போடும் தலைப்பு நிற்க வேண்டும். ஒருமுறை ஒரு பெண் மடித்த செய்தித்தாளைப் பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். தலைப்பில் ‘அழகி’, கீழே ஊர் பெயர், தெரு பெயர், வயது. முகத்தை மறைத்துப் படம். ஆனால் சேலை தெரிகிறது. “அக்கா, மக அந்தச் சேலையைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சா” என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

பழைய காலத்தில் இது எப்படி இருந்தது?

சங்கப் பாடல்களில் மருதத் திணை முழுக்கப் பரத்தையின் நிழல் விழுந்து கிடக்கும். தலைவன் போவான், தலைவி ஊடுவாள், பாணன் தூது வருவான். திருக்குறளில் ‘வரைவின் மகளிர்’ என்று 92-ஆம் அதிகாரமே இருக்கிறது. பொருளுக்காகப் பேசும் இனிய சொல் கேடு தரும் என்று ஆண்களை எச்சரிக்கும் குறள்கள் அவை. அந்தப் பெண் ஏன் அந்த இடத்தில் இருக்கிறாள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு நெருக்கமான தொடர்பு உண்டு. நகரத்தார் பூர்வீகம் காவிரிப்பூம்பட்டினம் என்பது வழிவழியாக வரும் வரலாறு. அதே ஊர்தான் சிலப்பதிகாரத்தின் புகார். மாதவி அரங்கேறியதும் அரசன் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் விலை பெறும் மாலையும் தருகிறான். அந்த மாலையை ஒரு கூனி கையில் கொடுத்து, நகர நம்பியர் திரியும் தெருவில் விற்க நிறுத்துகிறார்கள். வாங்குகிறவன் மாதவிக்கு மணமகன். வணிகன் கோவலன் வாங்கினான். விலை சொன்னது ஊர், ஒப்புக்கொண்டது சந்தை, வாங்கியது ஒரு வணிகர் மகன். பழி மட்டும் மாதவி தலையில் விழுந்தது. இன்றைக்கும் ரெய்டு செய்தியில் பெண்ணின் ஊர் வருகிறது, வந்த ஆணின் பெயர் வருவதில்லை என்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கூனி நின்ற தெரு எனக்கு ஞாபகம் வரும்.

தேவரடியாரும் பாலியல் தொழிலும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. கோயிலுக்குப் பொட்டுக்கட்டி, அதாவது தெய்வத்துக்கென்று தாலி கட்டி விடப்பட்ட பெண்கள் பாடினார்கள், ஆடினார்கள், கும்பாரத்தி எடுத்தார்கள், நிலமானியம் பெற்றார்கள், சொத்து வைத்திருந்தார்கள். சதிர் அவர்கள் கலை, பிறகுதான் அதற்குப் பரதநாட்டியம் என்று பெயர் வந்தது. செட்டிநாட்டுப் பெரிய வீட்டுக் கல்யாணங்களில் சதிர்க் கச்சேரி வைப்பது அந்தக் காலத்தில் கௌரவம். மறுபக்கம், அறியாத வயதுச் சிறுமிகளைப் பொட்டுக்கட்டி, பிறகு செல்வந்தர்களின் ஆதரவில் வாழ வைத்த கொடுமையும் அதற்குள் இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இதை எதிர்த்து நின்ற முத்துலட்சுமி ரெட்டி நம் பக்கத்துப் பெண். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர், அம்மா தேவரடியார் சமூகத்தைச் சேர்ந்தவர். சென்னை மாகாணச் சட்டசபைக்குப் போய், 1927-இல் பொட்டுக்கட்டுக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசினார், 1936-இல் நாவலும் எழுதினார். எதிர்க்குரலும் பெண்களிடமிருந்தே வந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்டவர்கள், எங்களை ஒட்டுமொத்தமாக விலைமாதர் என்று சொல்லிச் சட்டம் போடாதீர்கள், எங்கள் கலையையும் நிலத்தையும் பறிக்காதீர்கள் என்றார்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் நிறைவேறியது. செட்டிநாட்டின் ஒரு பகுதி அப்போது புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததே 1948 மார்ச்சில்தான்.

சட்டம் சரியென்றே நான் நினைக்கிறேன், சிறுமிகளுக்காக. ஆனால் நாகரத்தினம்மாள் கேட்ட கேள்விக்கு நாம் பதில் சொல்லவே இல்லை. கலை மற்றவர்கள் கைக்குப் போய் மேடையேறியது. ‘தேவரடியார்’ என்ற சொல் சிதைந்து தெருச்சண்டையில் வசவாக நின்றுவிட்டது. பக்கத்து விராலிமலையில் முருகன் கோயிலில் சதிர் ஆடிய முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தச் செய்தியை வாசித்தபோது நெஞ்சு நிறைந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் அனுமதி கொடுத்திருந்தார்களாமே?

பெண்களுக்கு நல்லது செய்ய இல்லை. சிப்பாய்களுக்கு நோய் வரக்கூடாது என்பதற்காக. 1864-இல் ராணுவம் தங்கியிருந்த தண்டுப் பகுதிகளுக்கும் 1868-இல் சில நகரங்களுக்கும் சட்டம் போட்டுப் பெண்களின் பெயரைப் பதிவு செய்தார்கள், கட்டாய உடல் சோதனை செய்தார்கள், நோய் இருந்தால் பூட்டு ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். நோயைக் கொண்டுவந்த சிப்பாய்க்குச் சோதனை இல்லை. எதிர்ப்பு வலுத்து 1888-இல் அந்தச் சட்டம் போனது. பிறகு 1930-இல் சென்னை மாகாணம் விடுதிகளுக்கு எதிராகத் தனிச் சட்டம் போட்டது.

போலீஸ் ரெய்டு வந்தால் என்ன நடைமுறை?

இதை முழுக்கப் படியுங்கள், தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள்.

வாரண்ட் இல்லாமல் சோதனை போட 15-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் யார் வேண்டுமானாலும் கதவைத் தட்ட முடியாது. இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத சிறப்பு அதிகாரி இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு பெண் போலீசார் உடன் வர வேண்டும். அந்தப் பகுதியில் மதிப்புள்ள இரண்டு பேர் சாட்சியாக இருக்க வேண்டும், அதில் ஒருவராவது பெண். மீட்கப்பட்ட பெண்ணை விசாரிப்பது பெண் போலீசாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற நல அமைப்பைச் சேர்ந்த ஒரு பெண் முன்னிலையில் விசாரிக்க வேண்டும். பிறகு மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

ரெய்டில் பிடிபட்டால், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இலவச வக்கீல் வேண்டும் என்று சொல்லுங்கள். பெண் என்ற ஒரே காரணம் போதும், வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் அதைத் தருகிறது.

தமிழ்நாட்டில் இன்னொரு விஷயம் உண்டு. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் இந்தக் குற்றங்களைச் செய்பவர்களும் இருக்கிறார்கள். விடுதி நடத்துகிறவர், புரோக்கர் மீது அதைப் போட்டால் விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம்.

‘மீட்டு ஹோமில் சேர்த்தார்கள்’ என்றால் நல்லதுதானே?

அடைத்து வைக்கப்பட்டவளுக்கு நல்லது. அவள் உயிரே அதில்தான் இருக்கலாம். தானாக இருந்தவளுக்கு ஹோம் என்பது கதவு வெளியிலிருந்து பூட்டப்படும் இடம். 17-ஆம் பிரிவில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை பாதுகாப்பு இல்லத்தில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். குற்றம் செய்ததாகத் தீர்ப்பு இல்லை, தண்டனை இல்லை, ஆனால் வெளியே வர முடியாது. ஊரில் பிள்ளைகள் தனியாக இருப்பார்கள், வாடகை ஏறும், சீட்டுக்காரர் வாசலில் நிற்பார்.

2020 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் இப்படி அடைக்கப்பட்ட மூன்று பெண்களை விடுவித்தது. தொழில் என்பது மட்டுமே இந்தச் சட்டத்தில் குற்றமில்லை, வயது வந்த பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக வைத்திருக்க முடியாது என்றது.

2022-இல் உச்ச நீதிமன்றம் ‘இதுவும் ஒரு தொழில்’ என்று அங்கீகரித்துவிட்டதாமே?

அப்படித்தான் செய்தி பரவியது. நடந்தது இது: 1999-இல் கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்டார். கொன்றவன் போட்ட மேல்முறையீட்டை 2011-இல் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், அத்தோடு விடாமல் அதையே பொதுநல வழக்காக மாற்றி, ஒரு குழு அமைத்தது. குழு பத்துப் பரிந்துரைகள் கொடுத்தது. 2022 மே 19-இல் நீதிபதி நாகேஸ்வர ராவ் தலைமையிலான அமர்வு, மத்திய அரசு மறுப்புச் சொல்லாத ஆறு பரிந்துரைகளை உடனே நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது.

பாலியல் தாக்குதலுக்கு ஆளான பாலியல் தொழிலாளிக்கு மற்றப் பெண்களுக்குக் கிடைக்கும் உடனடி மருத்துவ உதவி உட்பட எல்லாம் கிடைக்க வேண்டும். ஹோம்களைக் கணக்கெடுத்து விருப்பமில்லாமல் வைக்கப்பட்டுள்ள வயது வந்தவர்களை விடுவிக்க வேண்டும். போலீஸ் மரியாதையாக நடத்த வேண்டும், வாயாலோ கையாலோ வன்முறை கூடாது. பத்திரிகைகள் அடையாளத்தை வெளியிடக் கூடாது. ஆணுறையைக் குற்றத்துக்குச் சான்றாகக் காட்டக் கூடாது. சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டும். இந்தக் கடைசி வரியால்தான் எங்களைப் போன்றவர்களும் இதைப் பேச முடிகிறது.

மீதி நான்கு அரசின் தயக்கத்தால் நிற்கின்றன. விருப்பத்தோடு செய்பவரை ரெய்டில் கைது செய்யாதே என்பதும், தொழிலில் இருக்கிறாள் என்பதற்காகத் தாயையும் பிள்ளையையும் பிரிக்காதே என்பதும் அந்த நான்கில் அடங்கும். மிக முக்கியமானவையே நிற்கின்றன.

ஆணுறையை ஏன் அப்படித் தனியாகச் சொன்னார்கள்?

ரெய்டில் எடுத்த பொருட்களைப் போலீஸ் பட்டியல் போடும் கைப்பற்றுதல் மகஜர் ஒன்றை வாசித்திருக்கிறேன். செல்போன் இரண்டு, ரொக்கம் ஆயிரத்து சொச்சம், ஆணுறை இத்தனை என்று வரிசையாக எழுதியிருந்தது. அந்த ஆணுறையைக் கொடுத்தது எச்.ஐ.வி. தடுப்புக்கான அரசு திட்டத்தின் களப்பணியாளர். சுகாதாரத் துறை கையில் கொடுத்ததை ஸ்டேஷன் தடயமாக எடுக்கிறது. அடுத்த முறை அந்தப் பெண் பையில் அதை வைத்திருப்பாரா? அதனால்தான் நீதிமன்றம் தனியாகச் சொல்ல வேண்டி வந்தது.

பணம் வாங்குகிறவர் பலாத்காரப் புகார் கொடுக்க முடியுமா?

முடியும். பணம் பேசியது ஒன்றுக்கு, நடந்தது இன்னொன்று என்றாலும், பாதியில் வேண்டாம் என்று சொன்ன பிறகு நடந்தாலும் அது பலாத்காரம்தான். அவளுடைய அந்தரங்கத்தில் நினைத்த நேரம் நுழைய யாருக்கும் உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கில் வீட்டுக்குள் நுழைந்தவர் ஒரு போலீஸ் அதிகாரி. எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், ‘இது எங்கள் ஸ்டேஷன் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது.

ஆதார், ரேஷன் வாங்க முகவரி இல்லையே?

வீட்டை விட்டு வந்தவர்களுக்குப் பெரிய சிக்கல் இது. ஆதாருக்கு வழி இருக்கிறது: மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநர் அல்லது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அதிகாரி தரும் சான்றிதழ் இருந்தால் முகவரிச் சான்று இல்லாமலே ஆதார் தர வேண்டும். அந்த அட்டையில் தொழிலைக் காட்டும் எந்தக் குறியும் இருக்கக் கூடாது. கொரோனா காலத்தில், 2020 செப்டம்பரில், அடையாள அட்டை கேட்காமல் உலர் ரேஷன் கொடுக்கச் சொல்லியும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. களப்பணியாளரிடம் கேளுங்கள், இதற்காக ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை.

பிள்ளைகளைச் சேர்க்கும்போது அப்பா பெயர் கேட்கிறார்கள். படிப்பு உதவி கிடைக்குமா?

அப்பா பெயர் இல்லை என்பதற்காகப் பிள்ளையைச் சேர்க்க மறுக்க முடியாது. மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். புதுமைப் பெண் என்று நாம் சொல்லும் அந்தத் திட்டத்தின் முழுப் பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். பொட்டுக்கட்டுக்கு எதிராக ஊர் ஊராகப் போன அதே அம்மையார். அம்மா என்ன வேலை செய்கிறார் என்று அந்தப் படிவத்தில் மறைக்க நினைத்துத் தவித்த ஒரு பெண்ணிடம் இந்தப் பெயரின் கதையைச் சொன்னேன். படிவத்தை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, “அவங்க படம் இருக்குமா அக்கா?” என்று கேட்டாள். தேடி எடுத்துக் கொடுத்தேன்.

பூட்டிக்கிடக்கும் வீட்டை வாடகைக்கு விட்டோம். அங்கே தொழில் நடந்தால் எங்கள் மேல் கேஸ் வருமா?

இது நம் ஊருக்கே உரிய கேள்வி. வீடு முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரு தெருவுக்கு இன்னொரு தெரு. பங்காளிகள் இருபது பேர், ஆளுக்கொரு ஊரில். சாவி ஒருவரிடம், வாடகை வாங்குவது இன்னொருவர். ஒரு ஆச்சி வந்து, “ஏத்தா, நாங்க சென்னையில இருக்கோம், எங்க மேலயா கேஸ் போடுவாக?” என்று கேட்டார்.

தெரிந்தே விட்டிருந்தால்தான் குற்றம். ஆனால் சோதனையில் அந்த இடம் பிடிபட்ட செய்தி உள்ளூர்ப் பத்திரிகையில் வந்துவிட்டால், அதன் பிறகு உங்களுக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது உங்கள் பாடு. 18-ஆம் பிரிவில் இடத்தை மூடவும் உத்தரவிடலாம். ஆகவே எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், பங்காளிகளில் ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள்.

இதைப் படித்துவிட்டு, தனியாக இருக்கும் எந்தப் பெண்ணுக்கும் வீடு தரமாட்டேன் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். மில்லுக்கும் கடைக்கும் வேலைக்குப் போகிற எத்தனையோ பெண்கள் இந்தப் பயத்தால் வீடு கிடைக்காமல் அலைகிறார்கள்.

எச்.ஐ.வி. சோதனைக்குக் கட்டாயப்படுத்த முடியுமா?

முடியாது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்த மாதிரி எடுத்து வேலூருக்குக் கொண்டுபோனார். எதற்கான சோதனை என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. நாட்டுக்கே எச்சரிக்கை அவர்கள் ரத்தத்தில்தான் கிடைத்தது, பழியும் அவர்கள் மேலேயே விழுந்தது.

இப்போது 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் சோதனை கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது, சிகிச்சை மறுக்கக் கூடாது. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம்.

திருநங்கைகள்?

1956 சட்டத்தின் வரையறை ‘நபர்’ என்றே பேசுகிறது, ஆகவே அவர்களுக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் 2008-லேயே நலவாரியம் அமைந்தது. பாலின அடையாளத்தை வைத்துத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022-இல் காவலர் நடத்தை விதிகளில் சேர்த்தார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்றாலே கேஸ் என்று சொன்னால் இந்த விதியைச் சொல்லுங்கள்.

விருப்பத்துடன் என்பதை எப்படி நம்புவது? எல்லாமே கடத்தல்தானே?

18 வயதுக்குக் கீழே என்றால் விருப்பம் என்ற பேச்சே கிடையாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வரும், ஐடிபி சட்டத்திலும் ஏழாண்டு முதல் ஆயுள் வரை தண்டனை. ஏமாற்றி, மிரட்டி, கடனில் கட்டி, பலவீனத்தைப் பயன்படுத்திக் கொண்டுவந்திருந்தால் அது ஆள்கடத்தல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு. அவள் சம்மதித்தாள் என்று கடத்தியவன் தப்ப முடியாது.

இதற்கு அப்பால் இருக்கும் வயது வந்தவர்கள் பற்றித்தான் சண்டை. எல்லாமே சுரண்டல்தான், ஏழ்மையும் சாதியும் தள்ளிய இடத்துக்குத் தொழில் என்று பெயர் வைக்காதீர்கள் என்று சொல்லும் பெண்ணியவாதிகள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் ஏழ்மையை முகாம் மேசையில் நானும் பார்க்கிறேன். ஆனால் கொல்கத்தாவில் இந்தத் தொழில் நடக்கும் சோனாகாச்சிப் பகுதியில் 1995-இல் துர்பார் என்ற சங்கத்தை அந்தப் பெண்களே அமைத்தார்கள். சேமிப்புக்குக் கூட்டுறவுச் சங்கமும் வைத்துக்கொண்டார்கள். சங்கம் வைத்தவர்கள் கேட்டது பரிதாபம் இல்லை, போலீஸ் அடி நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். நான் அவர்கள் பக்கம் நிற்கிறேன். வேறு வேலை கொடுக்க நமக்கு வக்கில்லாதபோது இருக்கிற வேலையைக் குற்றமாக்கி அவள் சோற்றில் மண்ணைப் போடக் கூடாது.

வெளிநாட்டில் எப்படி?

பல வழிகள் உண்டு. ஸ்வீடன் 1999-இல் விற்பவரை விட்டுவிட்டு வாங்குபவரைத் தண்டிக்கத் தொடங்கியது. ஜெர்மனி 2002-இல் ஒழுங்குபடுத்தும் சட்டம் போட்டது. நியூசிலாந்து 2003-இல் குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்தது. அங்கே நான்கு பேர் வரை சேர்ந்து சமமாக ஒரு இடத்தில் தொழில் செய்ய உரிமம்கூட வேண்டாம். நம்மூரில் இரண்டு பேர் என்றாலே விடுதி. பெல்ஜியத்தில் 2024 டிசம்பர் முதல் வேலை ஒப்பந்தம், மகப்பேறு விடுப்பு, ஓய்வூதியம் வரை வந்துவிட்டது.

உதவிக்கு யாரைக் கூப்பிடுவது?

இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு 181. குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் 1098. எச்.ஐ.வி. பற்றிக் கேட்க 1097. அப்போதே ஆபத்து என்றால் 112. 15100-ஐ அழைத்தால் முதலில் எந்த மாவட்டம் என்று கேட்பார்கள். காரைக்குடி, தேவகோட்டை என்றால் சிவகங்கை, அரிமளம், ராயவரம் பக்கம் என்றால் புதுக்கோட்டை என்று சொல்லுங்கள். என்ன தொழில் என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை. நடந்ததை மட்டும் சொன்னால் போதும்.